எட்டடியில் நின்ற கல்

திருச்செங்கோட்டில் ஒரு வீட்டில் புருஷன் இல்லை என்றால் யாரும் ஏன், எங்கே என்று கேட்க மாட்டார்கள். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு போயிருப்பான். சத்தீஸ்கரோ ராஜஸ்தானோ, எங்கோ ஒரு காட்டில் ஆயிரம் அடிக்குத் துளை போட்டுக்கொண்டிருப்பான். பத்து மாதம் கழித்துக் கறுத்து இளைத்து வந்து சேருவான். ஆனால் பெண்டாட்டி ஊரில் இல்லை என்றால்? அப்போது பாருங்கள் வேடிக்கையை. பால்காரர் கேட்பார், ஜோசியர் கேட்பார், பங்க்கில் காற்றுப் பிடிக்கிறவர்கூட டயரை அப்படியே விட்டுவிட்டு, "ஏனுங்க, அம்மணி இன்னும் வரலீங்களா?" என்று கேட்பார்.

மூன்று வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் குணசீலனுக்கு நாக்கு வறண்டு போயிருந்தது. அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. சொந்தமாக இரண்டு ரிக் வண்டிகள். அவன் மனைவி பிரவீனா சேலத்தில் நிலவியல் படித்து, அங்கேயே ஒரு கல்லூரியில் பாடமும் நடத்திக்கொண்டிருந்தவள். 'மூணே வருஷந்தானுங்க, கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள வந்துருவேன்' என்று சொல்லிவிட்டு நார்வே தேசத்துக்கு ஆராய்ச்சி வேலைக்குப் போனாள். அந்த மூன்று வருஷம் வருகிற செப்டம்பரோடு முடிகிறது. முடிகிற நேரம் பார்த்து, இன்னும் நாலு வருஷம் இருங்கள் என்று அங்கே கேட்டுவிட்டார்களாம். அவள் போனில் அதைச் சொன்னபோது குணசீலன் நாமகிரிப்பேட்டையில் ஒரு மஞ்சள் காட்டில், ரிக் சத்தத்துக்கு நடுவே, ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தான்.

"நீங்க ஒருக்கா வாங்க. வந்து கண்ணால பாருங்க. பொறவு ரெண்டு பேருமா முடிவு பண்ணிக்கலாம்," என்றாள் பிரவீனா.

அவன் அம்மா காளியாத்தாள் பெட்டியில் கொள்ளுப் பயறையும் முறுக்கையும் நாட்டுச் சர்க்கரையையும் திணித்தாள். மேலே உட்கார்ந்து அமுக்கி ஜிப்பைப் போட்டபடியே, "தனியா வந்து நின்னீன்னா ஊட்டுக்குள்ள உடமாட்டேன் சாமி. அவளைக் கூட்டிட்டுத்தான் வரோணும்," என்றாள். அவனும் அதற்குத்தான் கிளம்பினான். பின்னே, பனிக்கரடி பார்க்கவா போகிறான்?

போன இடத்தில் முதல் அடி சூரியன் கொடுத்தது. வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நார்வேத் தீவு அது. ஜூலை மாதம். அங்கே அந்த மாதம் சூரியன் மறைகிற பழக்கமே இல்லை. வானத்தின் ஓரமாகவே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. திரைச்சீலை போட்டுப் பார்த்தான், கண்ணில் துண்டைக் கட்டிப் பார்த்தான். ஊகூம். நாலு நாளாகத் தூக்கமில்லை. தலைக்குள் ஏதோ மெல்ல ஆடிக்கொண்டே இருந்தது. பேசுகிறவர்களின் வாய் அசைந்த பிறகுதான் சத்தம் வந்து சேர்கிற மாதிரி தோன்றியது. இந்த நிலைமையில் முடிவைப் பற்றிப் பேச வேண்டாம், தூங்கி எழுந்து பேசிக்கொள்வோம் என்று அவன் தள்ளிப்போட்டான். அவளும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் சோறு, சளி, அம்மாவின் முட்டிவலி என்று மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள்.

ஐந்தாம் நாள் அவளுடைய வேலையிடத்தைப் பார்க்கப் புறப்பட்டார்கள். படகில் மூன்று மணி நேரம். கூடவே மாரித் என்று ஒரு பெண் வந்தாள். தோளில் துப்பாக்கி, முதுகில் அவள் உயரத்துக்கு ஒரு பை. கரடி வந்தால் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஆள் பார்ப்பதற்கு நம்மூர் நர்ஸம்மா மாதிரி சாதுவாக இருந்தாள்.

"நாம போறது ஒரு சொரங்க ஊருங்க. ஆனா ஆளே கெடையாது," என்றாள் பிரவீனா. "நெலக்கரி வெட்டுனவங்க இருந்த ஊரு. ஆயிரம் பேர் இருந்திருக்காங்க. ஒரு குளிர் காலத்துல சொரங்கத்தை மூடறோம்னு சொல்லவும் அப்பிடியே போட்டது போட்டபடி கெளம்பிட்டாங்க. அது ஆச்சு, இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல."

"ஆளில்லாத ஊர்ல உனக்கென்ன வேலை?"

அவள் சிரித்தாள். "போர்வெல் வேலை தானுங்க."

அவன் நம்பவில்லை. அவள் விளக்கிச் சொன்னாள். அந்த மண் பல நூறு அடிக்கு உறைந்து கிடக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரின் நடுவே எண்பது மீட்டருக்கு ஒரு துளை போட்டு, குழாய் இறக்கி, அதற்குள் ஒரு கம்பியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கம்பி நெடுக இருபது இடங்களில் வெப்பமானிகள். மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒவ்வோர் ஆழத்திலும் மண் எவ்வளவு குளிராக இருக்கிறது என்று அது குறித்துக்கொண்டே இருக்கும். பூமி சூடாகிற சங்கதி மேலே இருக்கிறவர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் கீழே அந்த மண்ணுக்குத் தெரிந்துவிடுமாம். வருஷத்துக்கு ஒரு முறை கம்பியை மேலே இழுத்து, அது சரியாகச் சொல்கிறதா என்று சோதிக்க வேண்டும். அதுதான் இன்றைய வேலை.

"அப்ப தண்ணி வேண்டாமா உங்களுக்கு?"

"தண்ணி வந்துட்டா எல்லாம் கெட்டுச்சுங்க."

இருபது வருஷமாகத் தண்ணீருக்காகவே பூமியைக் குடைகிறவன் குணசீலன். ஆயிரத்து முந்நூறு அடி போட்டும் வெறும் புகை மட்டும் கிளம்பினால், துளை போடச் சொன்ன காட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க முடியாமல் வண்டிக்குப் பின்னால் போய் நிற்கிறவன். தண்ணீர் வரவே கூடாது என்று ஒரு போர்வெல்லைக் காத்துக்கொண்டு பெண்டாட்டி மூன்று வருஷமாக இருக்கிறாளா? இதை எந்த பங்க்கில் போய்ச் சொல்வது?

"ரொம்ப சன்னமான கம்பிங்க," என்றாள் அவள், கடலைப் பார்த்துக்கொண்டே. "அது அறுந்துருச்சுன்னா மறுபடி தொளை போட்டு எறக்கறதுக்கு யாருகிட்டயும் பணம் இல்லை. கம்பி போச்சுன்னா எனக்கும் இங்க வேலை போச்சு. பெட்டியக் கட்ட வேண்டீதுதான்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவனும் விளையாட்டாகத்தான் கேட்டுக்கொண்டான்.

மூடுபனி விலகியபோது அந்த ஊர் கரையில் நின்றது. நிஜமாகவே ஊர்தான். நாலு மாடிச் செங்கல் கட்டடங்கள் வரிசையாக நின்றன. நடுவே அகலமான ஒரு வீதி. மலைச்சரிவில் சுரங்க வாய்க்கு ஏறிப்போகிற தண்டவாளம். ஜன்னல்களில் ஆட்களுக்குப் பதிலாக வெள்ளைக் கடற்பறவைகள். ஒவ்வொரு ஜன்னல் திண்டிலும் ஒரு கூடு, கூட்டுக்கு ஒரு கத்தல். இத்தனை சத்தம் போடுகிற பாழூரை அவன் கற்பனைகூடச் செய்ததில்லை. இரண்டு கட்டடம் தாண்டி நடந்ததும் அந்தச் சத்தமும் நின்றுபோனது. அதன் பிறகு அவர்களுடைய பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது.

"எதையும் எடுக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது. ஓர் ஆணியைக்கூட," என்று மாரித் ஆங்கிலத்தில் அவனுக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகள் துடைத்துப் போட்டபடி இருந்தன. ஒரு மேஜையில் இரண்டு பீங்கான் கோப்பைகள் எதிரெதிராக. ஒன்றின் அடியில் தேயிலைக் கறை காய்ந்து கறுப்பாகப் படிந்திருந்தது. சுவரில் மரம், ஆறு, மான் என்று பெரிய ஓவியம். இந்தத் தீவில் ஒரு மரம்கூடக் கிடையாது. அடுத்த கட்டடத்தில் நீச்சல் குளம். தண்ணீரில்லாத நீல ஓடுகள் மேல் வெயில் விழுந்து, தண்ணீர் அசைகிற மாதிரியே இருந்தது. குணசீலன் குளத்தின் ஓரத்தில் நின்று வெகுநேரம் பார்த்தான். யாரோ ஒருவன் இப்போதுதான் குதித்து உள்ளே மூழ்கியிருக்கிறான், மூச்சு முட்டினால் எழுந்து வருவான் என்று தோன்றியது. வரட்டும் என்று காத்திருந்தான். பிரவீனா வந்து தோளைத் தொட்டாள்.

மாடியில் ஓர் அறைக் கதவு திறந்திருந்தது. இரும்புக் கட்டில், மடித்த போர்வை, கட்டிலுக்குக் கீழே ஒரு ஜோடி பூட்ஸ். ஜன்னல் ஓரத்தில் தொட்டியில் ஒரு செடி, சாம்பல் நிறத்தில், நின்றபடியே செத்திருந்தது. சுவரில் ஒரு பெண்ணின் புகைப்படம். கூந்தலைப் பின்னித் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். படத்தைச் சுற்றிலும் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள், ஐந்து ஐந்தாக. ஊருக்குப் போக இன்னும் எத்தனை நாள் என்று போட்ட கோடுகள்.

குணசீலனுக்கு அது எழுதிப்போட்ட மாதிரி விளங்கியது. ராய்ப்பூர் பக்கம் கூடாரத்தில் படுத்துக்கொண்டு, அவனும் ரிக் வண்டியின் கேபின் தகட்டில் ஆணியால் இதே மாதிரி கீறியிருக்கிறான். அந்த அறையில் நின்றபோது அவனுக்கு ரிக்கில் வேலை செய்கிற பையன்களின் பேச்சுக் குரல் கேட்டது. கம்ப்ரசர் ஓடுகிற உறுமல் கேட்டது. வீதியில் மாவிலை கட்டிய தன்னுடைய வண்டி மெல்லத் திரும்பி வருகிறது, மேலே ராடுகளின் மீது பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், கீழே தலையில் பின்னல் கட்டிய அந்தப் பெண் வாசலில் நின்று கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்க்கிறாள். ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தான். வீதியில் ஒரு துருவ மான் நின்று புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

"தூக்கம் கெட்டதுல உங்களுக்கு கண்ணெல்லாம் செவந்து போச்சு," என்றாள் பிரவீனா. "வேலைய முடிச்சுப்போட்டுப் போயிரலாம், வாங்க."

துளை ஊரின் நடு மைதானத்தில் இருந்தது. மண்ணிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. குணசீலன் அதைத் தட்டிப் பார்த்தான், விட்டத்தை விரலால் அளந்தான். இரண்டங்குலக் குழாய். மேலே எட்டொன்பது அடிக்கு இந்தத் துண்டு, அதற்குக் கீழே ஓரங்குலச் சன்னக் குழாய் என்று ஜாயின்ட் போட்டிருப்பார்கள். ஸ்பேனரால் மூடியைத் திருகித் திறந்தாள் பிரவீனா. உள்ளே கறுப்புக் கம்பி ஒன்று இருட்டுக்குள் நேராக இறங்கிப் போயிற்று. அதன் மேல்நுனி சாப்பாட்டுக் கூடத்துக்குள் இருந்த ஒரு பெட்டியோடு சேர்ந்திருந்தது.

"நான் உள்ள போயி பெட்டியில இருக்கறதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு வந்துர்றேன். அரைமணி நேரம் ஆகும். பொறவு கம்பியை இழுக்கலாம். இங்கியே இருங்க."

அவள் உள்ளே போனாள். மாரித் கூடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து தொலைநோக்கியில் மலையைத் துழாவினாள். குணசீலன் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்தான். வெயில் முகத்தில் இதமாக விழுந்தது. கண் சொக்கியது. ஊர் முழுக்க ஆள் நிரம்பி, யாரும் பேசாமல், எல்லோரும் இவன் என்ன செய்யப்போகிறான் என்று ஜன்னல்களிலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மூடியில்லாத ஒரு போர்வெல் குழாயைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற போர்வெல்காரனை நான் இதுவரை பார்த்ததில்லை. குனிவான், ஒரு சின்னக் கல்லை எடுப்பான், குழாய்க்குள் போடுவான், காதை வைப்பான். கல் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது, சேர்ந்த இடத்தில் தண்ணீரின் சத்தமா, சேற்றின் சத்தமா, வெறும் பாறையா என்று கேட்டு, 'நானூறு அடி, அறுபதடி தண்ணி நிக்குது' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான். குணசீலன் இந்த வேலையை இருபது வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை செய்திருப்பானோ, அவனுக்கே தெரியாது. யோசித்துச் செய்கிற காரியமா அது? கொட்டாவி வந்தால் கை வாய்க்குப் போகிறதே, அந்த மாதிரி.

அரைத்தூக்கத்தில் அவன் கை ஒரு கல்லை எடுத்தது. புளியங்கொட்டை அளவுதான். கை அதைக் குழாய்க்குள் போட்டது. காது குழாயின் வாய்க்குப் போனது.

டக். டடக். அவ்வளவுதான்.

அவன் தூக்கம் தெளிந்து எழுந்து நின்றான். கல் கீழே போகவில்லை. எட்டடியிலோ ஒன்பதடியிலோ, குழாய் சன்னமாகிற ஜாயின்டில், கம்பிக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே போய் உட்கார்ந்துவிட்டது. இது என்ன செய்யும் என்று உலகத்திலேயே அவனைவிட நன்றாகத் தெரிந்த ஆள் கிடையாது. போர்வெல்லுக்குள் இறக்கிய மோட்டாரைத் தூக்கும்போது எத்தனை முறை பார்த்திருக்கிறான்! சும்மா இருக்கிறவரைக்கும் கல் ஒன்றும் செய்யாது. மேலே இழுத்தால்தான் வினை. இழுக்க இழுக்க ஆப்பு அடித்த மாதிரி இறுகும். இரும்பு ரோப்பே அறுந்து போகும், இந்த நூல் கம்பி எம்மாத்திரம்? அரைமணி நேரத்தில் பிரவீனா வந்து இழுப்பாள். கம்பி அறும். பதினோரு வருஷமும் எண்பது மீட்டருக்குக் கீழே போய் விழும்.

"அய்யோ சாமி, என்ன காரியம் பண்ணிப்போட்டேன்," என்று வாய்விட்டே சொன்னான். கூப்பிட வேண்டும் என்று சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

திறந்த வாயை மூடிக்கொண்டான்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது. அவனுக்கு முதலில் வந்தது பயம். அதற்கு அடுத்து வந்தது சந்தோஷம். கம்பி போச்சுன்னா பெட்டியக் கட்ட வேண்டீதுதான் என்று அவளே சொன்னாளே. யாரும் அவனைக் கேட்கப் போவதில்லை. உள்ளே பனி பிடித்து இறுகிவிட்டது என்று அவளே காரணம் சொல்லிக்கொள்வாள். நாலு நாள் அழுவாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து விமானம் ஏறுவார்கள். காலையில் அடுப்படியில் அவள் வளையல் சத்தம் கேட்கும். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, 'இன்னிக்கு எத்தனை அடியில தண்ணி வந்துச்சு?' என்று அவள் கேட்பாள். மூன்று வருஷமாக அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை. அவன் மறுபடி பாறையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தே இருந்தான். எதிரே அத்தனை ஜன்னல்களும் காலியாக இருந்தன. சூரியன் நகர்ந்ததாகத் தெரியவில்லை.

பிரவீனா வாளியோடு வந்தாள். வாளியில் தண்ணீரும் ஐஸ் தூளும். வெப்பமானிகளை ஒவ்வொன்றாக அதில் முக்கினால் சரியாகப் பூஜ்யம் காட்ட வேண்டுமாம். அவள் முகம் மலர்ந்திருந்தது.

"ஒரு மணிகூட விடாம எல்லாமே இருக்குதுங்க! பதினோரு வருஷத்துல ஒரு மணி நேரங்கூட விட்டதில்லை, தெரியுங்களா?" கையுறையைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். "இந்தாங்க. நீங்களே இழுங்க. ஒவ்வொரு வருஷமும் நான் இழுக்கறப்ப எங்கியாச்சும் ஒரசி அறுத்துப்போடுவனோன்னு நடுக்கமா இருக்கும். இன்னிக்கு எனக்கு பயமே இல்லை. பூமிக்குள்ள இருக்கறதை மேல எடுக்க உங்க கைய உட்டா வேற கை ஏது?"

அவன் கையுறையை மாட்டிக்கொண்டான். கம்பியைப் பிடித்தான். ஒரு சாண் வந்தது. அங்கே பிடித்தது. விரல் நுனியில் அந்தக் கல் தெரிந்தது. இன்னும் ஒரு சாண் இழுத்தால் போதும்.

அவள் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றி, குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய அவசியம் இருப்பதாகவே அவள் நினைக்கவில்லை. அதைத்தான் குணசீலனால் தாங்க முடியவில்லை. இன்னொருத்தர் இழுத்து அறுத்திருந்தால் அவன் வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பானோ என்னவோ. தன் கையை நம்பிக் கொடுத்ததை, தன் கையாலேயே அறுக்க மனசு வரவில்லை.

கையைத் தளர்த்தினான். வந்த ஒரு சாணையும் மெதுவாக உள்ளே விட்டான்.

"பிரவீனா, உள்ள கல்லு நிக்குது."

"என்னது?"

"நாந்தான் போட்டேன். தூக்கக் கலக்கத்துல. எட்டடியில, ஜாயின்டுல நிக்குது. இழுத்தா அறுந்துரும்."

அவள் நிமிர்ந்தாள். "கல்லா? எதுக்குங்க கல்லைப் போட்டீங்க?"

"ஆழம் பாக்க."

"எண்பது மீட்டர்னு நான்தான் படகுலயே சொன்னனே! உங்களுக்கு அறிவு கிறிவு இருக்குதுங்களா? இது என்ன நாமகிரிப்பேட்டை மஞ்சக்காடுன்னு நெனச்சீங்களா?" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டடத்துப் பறவைகள் எல்லாம் கிளம்பின. மாரித் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். கரடி என்று நினைத்துவிட்டாள்.

"திட்டு. நல்லாத் திட்டு. ஆனா பொறவு திட்டு," என்றான் அவன். "எனக்கு ஒரு பத்தடித் தடி வேணும். சன்னமா, வளையாததா."

ஊரெல்லாம் இரும்புத் தடி கிடந்தது. ஒன்றையும் தொடக் கூடாது. மாரித்துக்கு விஷயம் புரிந்ததும் தன் பெரிய பையைத் திறந்தாள். பனிச்சரிவில் புதைந்தவர்களைக் குத்தித் தேடுகிற மடக்குத் தடி ஒன்று அதில் இருந்தது. உதறினால் துண்டு துண்டாகச் சேர்ந்து பத்தடிக்கு நீண்டது. விரல் கனம்தான். குணசீலன் அதை வாங்கி நுனியில் துணி சுற்றினான். மண்டியிட்டான்.

"கம்பியைப் புடி. இழுக்காத. நான் சொல்றப்ப ஒரு நூல் எறக்கு. நூல்னா அரைக்கால் அங்குலந்தான்."

அவள் பிடித்தாள். அவன் தடியை உள்ளே விட்டான். எட்டடி தாண்டிக் கொஞ்சத்தில் கல் தட்டுப்பட்டது. மெல்லத் தட்டினான். அசையவில்லை. "எறக்கு." தட்டினான். "எறக்கு." தடியை ஒரு பக்கமாகச் சாய்த்து, கல்லின் ஓரம் எது, கம்பி எது என்று தடவிப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான், அவன் தொழிலில் கண்ணுக்கு வேலை கிடையாது. அந்த ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்றோ தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே உறைந்த மண்ணின் குளிர் ஏறி இடுப்புவரை மரத்துப்போனது.

"இன்னும் ஒரு நூல் எறக்கு, கண்ணு."

தட்டினான். கல் நழுவியது.

ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.

டொக்.

எங்கோ வெகு ஆழத்திலிருந்து, காய்ந்த, சுத்தமான ஒரு சத்தம் வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. குணசீலன் வாழ்க்கையில் முதல் முறையாக அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டான். பிரவீனா அப்படியே தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாரித் ஏதோ சொல்லிச் சிரித்து அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு, மறுபடி போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

பிறகு அவன் இழுத்தான், அவள் சுருட்டினாள். இருபது வெப்பமானிகளும் ஒவ்வொன்றாக வாளியில் முங்கி எழுந்தன. எல்லாம் பூஜ்யம் காட்டின. கடைசியைக் குறித்துக்கொண்டு, நோட்டை மூடாமலே அவள் கேட்டாள்.

"ஏனுங்க, கல்லு நின்னது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"போட்ட ஒடனே."

"நான் உள்ள அரைமணி நேரம் இருந்தனுங்களே."

"ஆமா."

"பத்து எட்டு வெக்கற தூரத்துல இருந்தேன். கூப்பிடலை."

"கூப்பிடலை." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அறுந்துருச்சுன்னா நீ எங்கூட வந்துருவேன்னு நெனச்சேன். கம்பியக் கையில புடிக்கற வரைக்கும் அப்பிடித்தான் நெனச்சுட்டு இருந்தேன்."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் நோட்டை மூடி வைத்தாள். வாளியில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

"நானும் ஒண்ணை ஒளிச்சு வெச்சிருக்கறனுங்க," என்றாள். "ரெண்டு பேருமா முடிவு பண்ணலாம்னு சொன்னேன். ஆனா நான் கையெழுத்துப் போட்டுட்டேன். மே மாசமே போட்டுட்டேன். நாலு வருஷத்துக்கு."

குணசீலன் நிமிர்ந்து பார்த்தான். "பொறவு எதுக்கு புள்ள என்னை இத்தனை தூரம் வரச்சொன்னே?"

"போன்ல சொல்ல தைரியம் வரலீங்க. இதையெல்லாம் நீங்க பாத்துட்டா, பொறவு சொல்றது சுளுவா இருக்கும்னு நெனச்சேன். நாலு நாளா வாய் வரைக்கும் வருது, சொல்ல முடியலை." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கலியாணம் ஆகி ஆறாம் நாள் நீங்க சத்தீஸ்கருக்குக் கெளம்புனீங்க. போகட்டுமான்னு எங்கிட்ட கேக்கலை. நானாச்சும் உங்ககிட்ட கேக்கோணும்னு தான் இருந்தேன். கேட்டா வேண்டாம்னு சொல்லிப்போடுவீங்க, நீங்க சொன்னா என்னால மீற முடியாது. அதனால கேக்காமயே போட்டுட்டேன்."

ஆறாம் நாள் கிளம்பியது அவனுக்கு நினைவிருந்தது. வண்டியின் எண், கூட வந்த பையன்களின் பேர், அந்த வருஷம் போட்ட துளைகளின் அடிக்கணக்கு எல்லாம் நினைவிருந்தன. அவள் அன்றைக்கு என்ன சேலை கட்டியிருந்தாள், வாசலில் நின்றாளா, உள்ளே இருந்தாளா என்பது எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"எனக்கு நெசமாலுமே கஷ்டமா இருக்குது, பிரவீனா."

"எனக்கும் தானுங்க."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதார்கள். தள்ளித் தள்ளி உட்கார்ந்தபடியே. அப்புறம், கம்பியை இப்படியே வெளியில் போட்டு வைத்தால் கெட்டுப்போகும் என்று அவள் சொன்னாள். அவன் எழுந்தான்.

இறக்குவது இழுப்பதைவிட மெதுவாக நடந்தது. ஜாயின்டில் உரசாமல், குழாயின் நட்ட நடுவில், கை மாற்றிக் கை மாற்றி அவன் இறக்கினான். ஒவ்வொரு வெப்பமானி உள்ளே போகும்போதும் அவள் அதன் எண்ணைச் சொன்னாள். இருபது, பத்தொன்பது, பதினெட்டு. இருட்டுக்குள் போனது ஒவ்வொன்றாக அவன் கண்ணுக்கு மறைந்தது. ஒன்று என்று அவள் சொன்னதும் கம்பி தன் கனத்தில் நேராகத் தொங்கி நின்றது.

மூடியை வைத்து அவள் ஸ்பேனரை அவனிடம் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் பிடித்து முறுக்க ஆரம்பித்தான். ரிக் ராடு முறுக்குகிற கை. அவன் அழுத்தி முறுக்கினால் நாலு பேர் சேர்ந்தாலும் திறக்க முடியாது. பாதியில் நிறுத்தினான். ஸ்பேனரை அவளிடம் நீட்டி, "எங்க, தெறந்து பாரு," என்றான். அவள் திறந்தாள். கொஞ்சம் சிரமப்பட்டாள். அவன் மறுபடி வாங்கி, அவள் ஒருத்தியால், அவள் ஒரு கையால் திறக்க முடிகிற அளவுக்கு மட்டும் முறுக்கினான்.